மரம் சர்க்காருடையது
ஏலமலை வரலாற்றுத் தொடர் – 14

மேற்கு மலையிலிருந்து போடிநாயக்கனூர் வழியாக இரண்டு சரக்குகள் உலகச் சந்தைக்கு இறங்கின. ஒன்று ஏலக்காய், மற்றொன்று தேயிலை. தேயிலை பயிராக வேண்டுமானால் காட்டை அடியோடு வெட்டிச் சரிவைத் திறந்துவிட வேண்டும். ஏலக்காய் காய்க்க வேண்டுமானால் காடு நிற்க வேண்டும். விற்பனைச் சரக்குக்காகக் காட்டை அழிக்க மாட்டோம் என்ற உறுதிமொழி இன்று பெரிய நிறுவனங்களின் ஆண்டறிக்கைகளில் வழக்கமான பகுதியாகிவிட்டது. போடிக்கு மேலே உள்ள ஏலமலையில் அதே உறுதிமொழி நிறுவன உறுதிமொழிகளின் காலத்துக்கு முன்பே குத்தகை நிபந்தனையாக எழுதப்பட்டிருந்தது. அந்த நிபந்தனை எப்படிப் பிறந்தது, எப்படித் தளர்ந்தது, பின்னால் வந்த நிறுவன உறுதிமொழிகள் இந்த மலையில் எதைத் தொட்டன, எதைத் தொடாமல் விட்டன என்பது இந்த அத்தியாயத்தின் பொருள்.

காட்டுக்குள் ஒரு பயிர்

ஏலம் இஞ்சிக் குடும்பத்துச் செடி. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 600 முதல் 1,200 மீட்டர் வரையுள்ள ஈரமான சரிவுகளில் நன்றாக வரும். நேர் வெயில் பட்டால் இலை கருகும். வேர் ஆழமாக இறங்காமல் மேல்மண்ணிலேயே படர்வதால், மரங்கள் உதிர்க்கும் சருகும் மட்கும்தான் அதற்கு உணவும் ஈரமும். பூக்கும் சரம் தட்டையின் அடியிலிருந்து கிளம்பித் தரையை ஒட்டி நீள்கிறது. தேனீ வந்தால்தான் பூ காயாகும், காட்டு மரங்கள் இருந்தால்தான் தேனீ தங்கும்.

பழைய சாகுபடி முறை இந்த இயல்பை அறிந்து அமைந்தது. பெருமரங்களை விட்டுவிட்டுக் கீழ்க்காட்டை மட்டும் சீவினார்கள். ஓரிரண்டு மரங்களைச் சாய்த்து ஒளி விழச் செய்தால், மண்ணில் கிடந்த ஏலவிதை தானாகவே முளைத்தது. பலா, அயனி, வெள்ளகில், சந்தனவேம்பு போன்ற மரங்களின் குடைக்கீழ் தோட்டம் வளர்ந்தது. பருவமழைக்கு முன் கிளைகளைக் கழித்து ஒளியைச் சரிசெய்வதற்கு நிழல் கவாத்து என்று பெயர். எவ்வளவு கழிப்பது, எதை விடுவது என்பது தோட்டக்காரரின் கைப்பழக்கத்தில் இருந்த அறிவு.

காயும் சர்க்காருக்கு, மரமும் சர்க்காருக்கு

ஏலமலையின் பெரும்பகுதி திருவிதாங்கூர் அரசுக்கு உட்பட்டது. கிழக்கே மலையடியில் இருந்த போடி, தேவாரம், உத்தமபாளையம், கம்பம் ஆகியவை ஆங்கிலேயரின் மதுரை ஜில்லாவைச் சேர்ந்தவை. ஏலத்தோட்டங்களை உருவாக்கியவர்களில் பெரும்பாலோர் இந்த அடிவார ஊர்களிலிருந்து போடிமெட்டு, சாக்குலூத்து மெட்டு, கம்பம்மெட்டுப் பாதைகளில் ஏறிப்போன தமிழ்க் குடியானவர்களும் அவர்களோடு போன தொழிலாளர்களும். நிலம் ஓர் அரசுக்கு உரியது, உழைப்பும் முதலும் இன்னொரு அரசின் எல்லைக்குள்ளிருந்து வந்தன. இந்த இரட்டை நிலை ஏலமலையின் எல்லா வழக்குகளுக்கும் அடியில் இருக்கிறது.

ராணி கௌரி பார்வதி பாய் ஆட்சியில், 1822-இல், ஏல சாகுபடி செய்வோருக்கு ஆதரவு அளிக்கும் அரச விளம்பரம் வெளியானது. அப்போது ஏலக்காய் அரசின் ஏகபோகச் சரக்கு. விளைந்த காயைச் சர்க்காரிடம் ஒப்படைத்துவிட்டு, தமக்குரிய விலைப்பங்கைக் குடிகள் பெற்றுக்கொண்டனர். காய் ஆலப்புழைக்குப் போய் அங்கே விற்கப்பட்டது. இன்றும் உயர்தரப் பச்சைக் காய்க்கு வணிகத்தில் 'ஆலப்புழைப் பச்சை' என்ற பெயர் நிற்பது அந்தக் காலத்தின் எச்சம். 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஏலமலைக்கென்று நடுவர் அதிகாரம் கொண்ட தனிக் கண்காணிப்பாளர் அமர்த்தப்பட்டார். அந்தப் பதவியில் இருந்த ஜான் டேனியல் மன்றோ 1877-இல் பூஞ்ஞாறு அரச குடும்பத்திடமிருந்து கண்ணன் தேவன் மலையைக் குத்தகைக்கு எடுத்தார். மூணாறு தேயிலையின் கதை அங்கிருந்து தொடங்குகிறது.

1896-இல் ஏகபோகம் முடிந்து, பங்குக்குப் பதிலாக நிலவரி வந்தது. காய் குடிக்குச் சொந்தமாயிற்று, மரம் மட்டும் சர்க்காரிடமே நின்றது. அடுத்த ஆண்டு, 1897 ஆகஸ்டு 24 அன்று, ஏலமலைக் காப்புக்காட்டை வரையறுக்கும் அறிவிக்கை வெளியானது. அதன் பரப்பு 15,720 ஏக்கரா, 2,15,720 ஏக்கரா என்பதே இன்றுவரை நீதிமன்றத்தில் நீளும் வழக்கு. ஓர் இலக்கம் கூடுதலா குறைவா என்பதில் பல்லாயிரம் குடும்பங்களின் நிலவுரிமையும் ஒரு மலைத்தொடரின் காடும் மாட்டிக்கொண்டிருக்கின்றன.

அதே 1897-இல் கண்ணன் தேவன் மலை உற்பத்திக் கம்பெனி தோன்றியது. புல்வெளியும் சோலையுமாக இருந்த மூணாறுச் சரிவுகள் அடுத்த சில பத்தாண்டுகளில் தேயிலைப் பச்சையாக மாறின. அந்தத் தேயிலைப் பெட்டிகள் மலை விளிம்பிலிருந்து கம்பிவடத்தில் குரங்கணிப் பக்கம் கொட்டகுடிக்கு இறங்கி, போடி வழியே துறைமுகத்துக்குப் போயின. கம்பிவடத்தின் மேல்முனையாக இருந்த இடம் இன்றும் டாப் ஸ்டேஷன் என்றே அழைக்கப்படுகிறது.

எழுதப்பட்ட நிபந்தனை

1935-இல் ஏல சாகுபடிக்கான அரசு நிலக் குத்தகை விதிகள் வந்தன. கேரள மாநிலம் உருவான பின் 1961-இல் புதிய விதிகள் அவற்றின் இடத்தைப் பிடித்தன. இவற்றின் சாரம் இரண்டு வாக்கியங்களில் அடங்கும். நிலத்தில் ஏலம் மட்டுமே பயிரிட வேண்டும். நிற்கும் மரம் அரசுக்கு உரியது. இதனால் ஏலமலையில் நிலம் வருவாய்த் துறையின் கையிலும், மரம் வனத் துறையின் கையிலும் இருக்கும் இரட்டை ஆளுகை நிலைத்தது. குத்தகைதாரர் தம் தோட்டத்து மரத்தைத் தம் விருப்பப்படி வெட்ட முடியாது.

இந்த நிபந்தனையில் இன்றைய உறுதிமொழிகளில் அரிதாகக் காணப்படும் ஒரு பண்பு இருந்தது. அது காட்டின் எல்லையை மட்டும் பார்க்கவில்லை, காட்டுக்குள் நிற்கும் ஒவ்வொரு மரத்தையும் கணக்கில் வைத்தது. அதன் குறையும் அங்கேயே இருந்தது. மரத்தைக் காத்தவருக்கு எந்தப் பலனும் இல்லை. மரம் விழுந்தால் தண்டனை, நின்றால் ஒன்றுமில்லை. தாமே நட்ட மரத்தின் மேலும் உரிமை உறுதியில்லை என்ற நிலையில், தானாக முளைத்த கன்றைக் களையோடு சேர்த்துப் பிடுங்கிவிடுவது தோட்டக்காரருக்குப் பாதுகாப்பான வழியாகப் பட்டது. இப்படியாக, நின்ற மரம் சட்டத்தில் பிழைத்தது, வரவேண்டிய மரம் வராமல் போயிற்று.

நிழல் மெலிந்த விதம்

இரண்டாம் உலகப் போரில் பர்மா அரிசி வரத்து நின்றபோது, திருவிதாங்கூர் அரசு உணவுப் பயிருக்காக மலைக்காடுகளைத் திறந்துவிட்டது. 1955-இல் திருவிதாங்கூர்–கொச்சி அரசு உயர்மலைக் குடியேற்றத் திட்டத்தைத் தொடங்கியது. தமிழர் மிகுந்திருந்த தேவிகுளம், பீர்மேடு வட்டங்கள் எந்த மாநிலத்துக்கு என்ற சர்ச்சை மூண்டிருந்த காலம் அது. 1956-இல் இரு வட்டங்களும் கேரளத்தோடு நின்றன. 1972-இல் இடுக்கி மாவட்டம் உருவானது. காட்டுக்குள் குடியேறியவர்களில் 1977 ஜனவரி 1-க்கு முற்பட்டவர்களின் நிலத்தை முறைப்படுத்த 1993-இல் தனி விதிகள் இயற்றப்பட்டன.

அடுத்த மாற்றம் செடியிலேயே வந்தது. இடுக்கி விவசாயி ஒருவரின் தோட்டத்தில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஞள்ளானி என்ற இரகம் 1990-களில் மலையெங்கும் பரவியது. பழைய இரகங்களைவிடப் பல மடங்கு காய்த்த அது, கூடுதல் ஒளியையும் தாங்கியது. அதோடு அடிக்கடி உரமும் பூச்சிமருந்தும் கேட்டது. விளைச்சலுக்காக நிழல் கவாத்து கடுமையானது. கிளை கழித்த இடத்தில் உச்சியும் கழிந்தது, பட்டுப்போன மரத்துக்குப் பதில் மரம் வைக்கப்படவில்லை.

பூப்பாறைக்கும் சாந்தன்பாறைக்கும் அருகே உள்ள மதிகெட்டான் சோலையில் ஆக்கிரமிப்பு வெளிப்படையாகவே நடந்தது. ஏலம் வைப்பதற்காகச் சோலை வெட்டப்பட்ட செய்தி 2002-இல் கேரளத்தில் பெரும் கொந்தளிப்பை எழுப்பியது. ஆக்கிரமிப்பாளர்கள் வெளியேற்றப்பட்டு, 2003-இல் 12.82 சதுர கிலோமீட்டர் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. நுழைந்தவர் வழி தெரியாமல் மதி கெட்டு அலைவார் என்பதால் பெயர் பெற்ற அடர்சோலை அது. மரத்தின் நிழலில் வாழும் பயிரே மரத்தை வெட்டக் காரணமாகலாம் என்பதை மதிகெட்டான் காட்டியது.

விலையும் தன் பங்கைச் செய்தது. 2019 ஆகஸ்டில் புற்றடி ஏல மையத்தில் ஒரு கிலோ ஏலக்காய் 7,000 ரூபாய் வரை போனது. அத்தகைய விலையைக் கண்ணால் பார்த்தவர், ஒரு மரம் மறைக்கும் ஒளியையும் கிலோக் கணக்கிலேயே எண்ணிப் பார்ப்பது இயல்பு.

காடு மெலிந்ததன் விளைவு யானைகளின் நடமாட்டத்தில் தெளிவாகத் தெரிந்தது. போடிமெட்டுக்கு அப்பால் சின்னக்கானல், ஆனையிறங்கல் பகுதியில் யானைத் தடங்களின் மேல் தோட்டமும் குடியிருப்பும் விடுதியும் எழுந்தன. அங்கிருந்து 2023 ஏப்ரலில் பெரியாறு காட்டுக்கு மாற்றப்பட்ட அரிக்கொம்பன் என்ற யானை, மே மாதம் கம்பம் நகருக்குள் நுழைந்தது. ஜூனில் மீண்டும் பிடிக்கப்பட்டுக் களக்காடு முண்டந்துறைக்குக் கொண்டுபோகப்பட்டது. அந்த யானையை மலையிலிருந்து மலைக்கு ஏற்றிச் சென்ற லாரியைச் சாலையோரம் நின்று பார்த்தவர்களுக்கு, காடு சுருங்கினால் என்ன ஆகும் என்பதைச் சொல்ல வேறு பாடம் தேவைப்படவில்லை.

நிறுவனங்கள் வாக்குக் கொடுத்த காலம்

ஏலமலையில் நிழல் மெலிந்த அதே ஆண்டுகளில், வெப்பமண்டல நாடுகள் பலவற்றில் காடு முழுமையாகவே விழுந்துகொண்டிருந்தது. இந்தோனேசியாவிலும் மலேசியாவிலும் எண்ணெய்ப் பனைக்காகவும், பிரேசிலில் மாட்டு மேய்ச்சலுக்கும் சோயாவுக்குமாகவும் காடு வெட்டப்பட்டது. தமிழ்நாட்டு நியாயவிலைக் கடைகளில் 2007 முதல் சிறப்புப் பொது விநியோகத் திட்டத்தில் கிடைக்கும் பாமாயில் அத்தகைய நிலங்களிலிருந்து கப்பலேறும் சரக்குகளில் ஒன்று. போடி வீட்டுச் சமையலறையும் அந்தச் சங்கிலியின் ஒரு கண்ணி.

முதலில் 2004-இல் நிலைத்த பாமாயிலுக்கான வட்டமேசை அமைப்பு உருவானது. 2006-இல் பிரேசிலின் சோயா வணிகர்கள், அந்த ஆண்டு ஜூலைக்குப் பின் வெட்டப்பட்ட அமேசான் காட்டு நிலத்தில் விளைந்த சோயாவை வாங்குவதில்லை என்று கூட்டாக ஒப்புக்கொண்டனர். 2010-இல் நுகர்பொருள் மன்றம் என்ற உலக நிறுவனக் கூட்டமைப்பு, 2020-க்குள் நிகரக் காடழிப்பைப் பூஜ்யமாக்குவோம் என்று அறிவித்தது. 2013 டிசம்பரில் உலகின் மிகப்பெரிய பாமாயில் வணிக நிறுவனமான வில்மர், காட்டையும் கரிச்சதுப்பு நிலத்தையும் அழிப்பதில்லை, மக்களைச் சுரண்டுவதில்லை என்ற கொள்கையை ஏற்றது. 2014-இல் அரசுகளும் நிறுவனங்களும் சேர்ந்து கையெழுத்திட்ட நியூயார்க் காடுகள் பிரகடனம், 2020-க்குள் காடழிப்பைப் பாதியாக்கவும் 2030-க்குள் நிறுத்தவும் இலக்கு வைத்தது.

2020 வந்தபோது இலக்கு எட்டப்படவில்லை. இந்த உறுதிமொழிகளில் உருப்படியான பலன் தந்ததாகப் பரவலாக ஏற்கப்பட்டது சோயா ஒப்பந்தம். காரணம் விளங்கக்கூடியது. பெரிய வணிகர்கள் எல்லாரும் ஒன்றாக வாங்க மறுத்தார்கள். வயல் வயலாகச் செயற்கைக்கோள் படம் பார்க்கப்பட்டது. எந்த நாளுக்குப் பின் வெட்டியது குற்றம் என்பது ஐயமின்றி வரையறுக்கப்பட்டிருந்தது. மற்ற உறுதிமொழிகள் பலவற்றில் இந்த மூன்றில் ஒன்றோ இரண்டோ இல்லை. ஒரு நிறுவனம் மறுத்த சரக்கை வாங்க இன்னொரு நிறுவனம் காத்திருந்தது.

2021-இல் கிளாஸ்கோ மாநாட்டில் நூற்றுக்கு மேற்பட்ட நாடுகள் 2030-க்குள் காடழிப்பை நிறுத்துவதாக உறுதி கூறின. இந்தியா அதில் சேரவில்லை. இந்தியாவில் பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட முன்னணி 1,000 நிறுவனங்கள் சுற்றுச்சூழல் பொறுப்பறிக்கை தரவேண்டும் என்ற செபி விதி 2022–23 முதல் கட்டாயமாயிற்று.

மலைக்கு வந்து சேர்ந்தவை

ஏலமலைப் பக்கத்தில் நிறுவன உறுதிமொழி முதலில் தொட்டது தேயிலையைத்தான். 2007-இல் யூனிலீவர் தன் லிப்டன் தேயிலையை ரெயின்ஃபாரஸ்ட் அலையன்ஸ் சான்று பெற்ற தோட்டங்களிலிருந்து வாங்குவதாக அறிவித்தது. அதன்பின் தென்னிந்தியத் தோட்டங்களும் சான்று பெறத் தொடங்கின, மூணாறும் அதில் சேர்ந்தது. 2013-இல் உள்நாட்டுத் தேயிலைக்கென டிரஸ்டீ என்ற நெறிமுறை அறிமுகமானது.

காப்பிக்கும் ரப்பருக்கும் நெருக்கடி சட்டமாகவே வந்தது. 2023 ஜூன் 29 அன்று ஐரோப்பிய ஒன்றியத்தின் காடழிப்புத் தடுப்பு விதி நடைமுறைச் சட்டமானது. மாடு, கோகோ, காப்பி, எண்ணெய்ப் பனை, ரப்பர், சோயா, மரம் ஆகிய ஏழு சரக்குகளுக்கு அது பொருந்தும். 2020 டிசம்பர் 31-க்குப் பின் காடு வெட்டப்பட்ட நிலத்தில் விளைந்திருக்கக் கூடாது, விளைந்த நாட்டின் சட்டத்துக்கு உட்பட்டு விளைந்திருக்க வேண்டும், நிலம் எங்கே என்று புவி ஆயங்களோடு காட்ட வேண்டும் என்பவை அதன் மூன்று கோரிக்கைகள். அமலாக்கம் இருமுறை ஒத்திவைக்கப்பட்டாலும், இந்தியக் காப்பி வாரியமும் ரப்பர் வாரியமும் விவசாயிகளின் நிலங்களைப் பதிவு செய்யும் வேலையில் இறங்கின. அகமலை, குரங்கணிச் சரிவுகளின் சிறு காப்பித் தோட்டங்கள்வரை அந்தக் கேள்வி எட்டியது.

இத்தகைய ஏற்பாடுகளுக்குப் பொதுவாக ஒரு வரம்பு நாள் உண்டு. அதற்கு முன் வெட்டப்பட்டது கணக்கில் வராது. அந்த நாளுக்கு வெகு முன்பே சோலையை இழந்த தேயிலைச் சரிவு அந்தத் தேர்வில் எளிதாகத் தேறும். பெருமரங்கள் இன்றும் நிற்கும் ஏலமலையில் ஊடுபயிராகக் காப்பி வைத்திருப்பவரோ, நிலத்தின் சட்டநிலையே தீராத வழக்கில் இருப்பதால், இரண்டாவது கோரிக்கைக்கு விடை சொல்லத் தடுமாறுவார். காட்டை அதிகம் வைத்திருந்தவருக்கே தாளில் சிக்கல் அதிகம் என்பது இந்த மலையின் வரலாறு விட்டுச்சென்ற அநீதி.

ஏலக்காய் ஏன் வெளியே நின்றது

ஐரோப்பியப் பட்டியலில் ஏலக்காய் இல்லை. உலக வணிகத்தில் அதன் அளவு சிறியது. முக்கியமான வெளிநாட்டுச் சந்தை ஐரோப்பாவில் இல்லை, வளைகுடா நாடுகளில் இருக்கிறது. 1980-வாக்கில் இந்தியாவை முந்திய குவாத்தமாலாவும் அந்தச் சந்தைக்கே விற்கிறது. அங்கே வாங்குபவர் பார்ப்பது காயின் பருமனும் பச்சை நிறமும்தான். அண்மைக்காலத்தில் பூச்சிமருந்து எச்சமும் சேர்ந்தது. அந்த எச்சம் கூடுதலாக இருந்தால் சரக்கு திரும்பி வரும். நிழல் குறைந்ததற்காகத் திரும்பி வந்த சரக்கு எதுவும் இல்லை.

வணிகத்தின் அமைப்பும் தடையாக நிற்கிறது. நறுமணப் பொருள் வாரியத்தின் மேற்பார்வையில் போடிநாயக்கனூரிலும் புற்றடியிலும் மின்னணு ஏலம் நடக்கிறது. பறித்த பச்சைக் காய் ஏறத்தாழ 5 கிலோ உலர்ந்தால் 1 கிலோ காய். உலர்த்தும் இடத்துக்குப் போடியில் ஸ்டோர் என்று பெயர். சொந்த ஸ்டோர் இல்லாத சிறு விவசாயிகளின் காய் வாடகை ஸ்டோரில் உலர்ந்து, லாட்டாகி ஏலத்துக்கு வருகிறது. வாங்கிய வணிகர் பல லாட்டுகளைக் கலந்து, சல்லடையில் 6, 7, 8 மில்லிமீட்டர் என்று பிரித்து மூட்டையாக்குகிறார். அந்த மூட்டையில் மரம் வளர்த்தவரின் காயும் மரம் கழித்தவரின் காயும் ஒன்றே. எந்தத் தோட்டத்துக் காய் என்ற அடையாளம் சல்லடையில் கரைந்துவிடும். ஸ்டோரில் எரியும் விறகும் காட்டோடு தொடர்புடையது, ஆனால் ஏலத் தாளில் அதற்கு இடமில்லை.

இவற்றைவிட ஆழமான தடை 'காடழிப்பு' என்ற சொல்லின் வரையறை. இந்திய வன அளவைத் துறையின் கணக்கில் 1 ஹெக்டேருக்குக் குறையாத நிலத்தில் 10 விழுக்காட்டுக்கு மேல் மரக்குடை இருந்தால், உரிமை யாருடையதாயினும், அது காட்டுப் பரப்பு. 70 விழுக்காடும் அதற்கு மேலும் மிக அடர்காடு, 40 முதல் 70 வரை நடுத்தர அடர்காடு, 10 முதல் 40 வரை திறந்த காடு. நிழல் 70-இலிருந்து 30-க்கு இறங்கிய ஏலத்தோட்டம் இந்தக் கணக்கில் இன்னும் காடுதான். 'காடழிப்பு இல்லை' என்ற வாக்கு அங்கே ஒரு நாளும் மீறப்படுவதில்லை. மண்ணின் ஈரம், தேனீயின் கூடு, ஊற்றின் நீர் மட்டும் போய்விடுகின்றன. ஏலமலையில் காடு பெரும்பாலும் அழிவதில்லை, மெலிகிறது. உலக உறுதிமொழிகள் அழிவை அளக்கக் கற்றன, மெலிவை அளக்க இன்னும் கற்கவில்லை.

எண்ண வேண்டியது எது

1996 டிசம்பர் 12 அன்று கோதவர்மன் வழக்கில் உச்ச நீதிமன்றம், அகராதிப் பொருளில் காடாக உள்ள எதுவும் காடே என்று ஆணையிட்டது. அதே வழக்கில் தொடரும் ஏலமலை மனுவில், 2024 அக்டோபரில், காப்புக்காட்டு நிலத்தில் புதிய பட்டா வழங்கக் கூடாது என்று இடைக்காலத் தடை விதித்தது. தடை இருக்கும்வரை நிலம் மேலும் கைமாறுவது கட்டுப்படும். நிழல் திரும்பி வருவதற்கு அது மட்டும் போதாது.

இரு நூற்றாண்டுகளின் பாடம் இரண்டு பகுதிகளாகப் பிரிகிறது. அரசின் குத்தகை நிபந்தனை மரத்தை எண்ணியது, மரம் வளர்த்தவரை மதிக்கவில்லை. நிறுவன உறுதிமொழி சான்று பெற்றவரை மதித்தது, மரத்தை எண்ணாமல் எல்லையை மட்டும் எண்ணியது. ஏலமலைக்குப் பொருந்தும் வாக்கு இரண்டையும் சேர்த்ததாகத்தான் இருக்க முடியும். தோட்டத்துக்கு இத்தனை நிழல் மரம், இத்தனை இளங்கன்று என்ற கணக்கு வேண்டும். அந்தக் கணக்கு ஸ்டோரையும் ஏல மையத்தையும் தாண்டி மூட்டையோடு போக வேண்டும். நட்டு வளர்த்த மரத்தின் மேல் நட்டவருக்குத் தெளிவான உரிமையும், நிழலில் விளைந்த காய்க்கு ஏலத்தில் கூடுதல் விலையும் கிடைக்க வேண்டும். வாங்குபவர்கள் எல்லாரும் ஒன்றாகக் கேட்டால் அந்தக் கேள்வி நிற்கும் என்பதைப் பிரேசிலின் சோயா காட்டிவிட்டது. போடி, புற்றடி என்ற இரண்டே ஏல மையங்களில் பெரும்பகுதி விற்பனை நடக்கும் இந்தச் சரக்கில், அந்தக் கேள்வியைக் கேட்க வேண்டிய இடமும் தொலைவில் இல்லை.

(தொடரும்)